சராசரிக் காது

தராசுக்காரர் காலையில் போகும் ரயிலில் சத்தம் மூன்று வகைப்படும். சக்கரமும் தண்டவாளமும் சேர்ந்து போடுவது ஒன்று. அதை மீறிப் பயணிகள் பேசுவது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒழிப்பதற்கென்றே அமைக்கப்பட்ட பயண அமைதி வாரியம், பெட்டியின் கூரை நெடுக ஒலிபெருக்கிகளை மாட்டி, "அமைதி காக்கவும், அமைதி காக்கவும்" என்று அறிவித்துக்கொண்டே வருவது மூன்றாவது. முதல் இரண்டும் பழகிவிடும். மூன்றாவதற்குப் பழகியவரை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

வாரியம் பிறந்த கதை எளிமையானது. யாரோ ஒரு பயணி, சத்தம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்தார். உடனே வாரியம் அமைத்தார்கள், அறிவிப்பு தொடங்கியது. அறிவிப்பு காதில் விழவில்லை என்று அடுத்த புகார் வந்தது. ஒலியைக் கூட்டினார்கள். அந்த ஒலியில் பக்கத்து ஆளோடு பேச முடியாமல் பயணிகள் கத்த ஆரம்பித்தார்கள். பயணிகள் கத்துகிறார்கள் என்று அறிக்கை போயிற்று. மறுபடி ஒலியைக் கூட்டினார்கள். முதல் புகார் கொடுத்த மனிதர் இப்போது நடந்தே வேலைக்குப் போகிறார் என்று கேள்வி.

தராசுக்காரருக்கு ரயிலில் அமைதி வேண்டியிருந்தது தூங்குவதற்காக அல்ல. பெண்டாட்டி பேச்சைக் கேட்பதற்காக. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை.

கடைத் தராசுகளைப் பழுது பார்த்து, நேராக்கி, பிறகு யாரும் திறந்து தில்லுமுல்லு செய்யாதபடி கம்பி கட்டி ஈய முத்திரை வைத்து அனுப்புவது அவர் தொழில். மனைவிக்குப் பிஸ்கட் ஆலையில் இரவு ஷிப்ட் மேற்பார்வை. அவர் வீடு திரும்புவதற்குள் அவள் கிளம்பிவிடுவாள். அவள் வந்து சேர்வதற்குள் அவர் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்று கேட்கலாம். அன்று பகலெல்லாம் அவள் தூங்குவாள். "புள்ளைய எழுப்பாதீங்க" என்று மாமியார் நாற்காலி போட்டுக் காவல் இருப்பார். அவள் எழுந்த பிறகு தாயும் மகளும் பேசுவார்கள், மருமகன் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆகவே அவர்களுடைய குடும்பம் போனில் நடந்தது. ஷிப்ட் முடிந்ததும் உடை மாற்றும் அறையில் நின்றபடி அவள் பேசிப் பதிந்து அனுப்புவாள். அவள் வீட்டுக்குப் போய்ப் படுப்பதற்குள் அவர் ரயிலில் கேட்டுப் பதில் அனுப்ப வேண்டும். பட்டறை வாசலில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டில் வைத்துக் கேட்கலாம் என்றால், அந்த ஒன்றரை அறையில் அவருக்கு முன்னால் மாமியார் பதில் சொல்லிவிடுவார். எழுதி அனுப்பச் சொல்லிப் பார்த்தார். "எழுதினா என் கோவம் உங்களுக்குத் தெரியாதே" என்றாள் மனைவி.

ஆரம்பத்தில் அவர் நேர்மையாகத்தான் இருந்தார். "கேக்கலம்மா, திரும்பச் சொல்லு" என்று பதில் போட்டார். திரும்பச் சொன்னாள், அதுவும் கேட்கவில்லை. மறுபடி அப்படியே பதில் போட்டதற்கு, "நான் பேசறதே உங்களுக்குச் சத்தமாப் போச்சு" என்று கோபித்துக்கொண்டு ஒரு வாரம் எதுவும் அனுப்பவில்லை. அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, செய்தி முடியும்வரை பொறுத்திருந்து, "சரிம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார். குடும்பத்தில் சண்டையே இல்லாமல் போயிற்று.

ஆனால் சாமான்கள் போக ஆரம்பித்தன. ஒரு நாள் வீட்டுக்கு வந்தால் அவருடைய மோட்டார்சைக்கிளைக் காணோம். "மச்சானுக்குக் குடுக்க நீங்கதானே சரின்னீங்க" என்றார் மாமியார். இன்னொரு நாள் ஜன்னலோரம் அவர் படுக்கும் கட்டில் போய், அந்த இடத்தில் மாமியாரின் தையல் மெஷின் உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமைகளில் மச்சானின் கடைத் தராசுகளை இலவசமாகப் பழுது பார்த்துத் தருவதாகவும் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். இந்தச் செய்தியை மச்சான்தான் வந்து சொன்னான், அதுவும் அந்த மோட்டார்சைக்கிளிலேயே வந்து.

ஒரு ஞாயிறு மாலை, மாமியார் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து மனைவி அவரிடம் வந்தாள்.

"ஏங்க, ஆலையில ஒரு பேச்சு நடக்குது. வெள்ளிக்கிழமைதான் முடிவு தெரியும். தெரிஞ்சதும் சொல்றேன். நம்ம ரெண்டு பேர் விஷயம் அது. ஒழுங்கா கேட்டு, யோசிச்சு பதில் சொல்லுங்க. சும்மா சரின்னு சொல்லிடக் கூடாது."

"சரிம்மா" என்றார் தராசுக்காரர்.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆலைக்குக் கிளம்பினாள். அவள் தெரு திரும்பியதும் சட்டையை மாட்டிக்கொண்டு இயர்போன் வாங்க ஓடினார்.

ரயில் நிலையத்து வாசலில் இருந்த போன் கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது பேட்டரி வைத்த ரகம். வெளிச் சத்தத்தை உள்ளிருந்து எதிர்ச் சத்தம் போட்டு அடிக்குமாம். விலையைக் கேட்டதும் தராசுக்காரரின் காது தானாகவே அடைத்துக்கொண்டது. அடுத்து எடுத்தது காதின் வாசலில் சும்மா தொங்கும் ரகம். மாட்டிப் பார்த்தால் தெருவே காதுக்குள் நின்றது.

"எனக்குப் பாட்டெல்லாம் வேண்டாங்க. ஒரே ஒரு ஆள் பேசறது கேட்டாப் போதும்."

"அப்படின்னா உங்களுக்கு மெஷின் முக்கியமில்ல சார், அடைப்புதான் முக்கியம்" என்று கடைக்காரர் ஒயர் வைத்த மலிவு ரகம் ஒன்றை எடுத்து, அதன் ரப்பர் முனைகளைக் கழற்றிவிட்டுப் பஞ்சு முனைகளை மாட்டினார். "இப்படி விரல்ல உருட்டி ஒல்லியாக்கணும். காதை மேல இழுத்துப் பிடிச்சு உள்ள விடணும். பஞ்சு உப்பற வரைக்கும் விரலை எடுக்காதீங்க. என்ன சார், இடது பக்கம் போகவே மாட்டேங்குது? வலது பக்கம் வழுக்கிட்டு வருது?"

"எனக்கு மட்டும் இப்படியா?"

"நெறைய பேருக்கு அப்படித்தான். காது ரெண்டும் ஒண்ணாப் பொறந்ததுதான், ஆனா அளவு ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்ல." இடதுக்குச் சின்னது, வலதுக்குப் பெரியது என்று மாற்றிப் போட்டார். பஞ்சு மெல்ல உப்பியது. தெரு போயிற்று, கடை போயிற்று, கடைக்காரர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். விலை ஓர் ஓட்டல் சாப்பாட்டுக்கு ஆகிற காசுதான். தராசுக்காரர் அந்த நிசப்தத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பணத்தைக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை, ரயிலில், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக மனைவி பேசியதை முழுக்கக் கேட்டார். அவள் தலையில் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பியின் சரசரப்பு கேட்டது. பின்னால் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. முழங்கால் வலிக்கிறது, ராத்திரி பெல்ட் அறுந்து மாவெல்லாம் வீணாயிற்று, உங்கள் நீலச் சட்டைக்குப் பொத்தான் தைத்து வைத்திருக்கிறேன் என்றெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு கொட்டாவி விட்டு, கடைசியில் "கேக்குதா?" என்றாள்.

பழைய செய்திகளை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எல்லாமே "கேக்குதா?" என்றுதான் முடிந்தன. இத்தனை நாளும் அந்தக் கேள்விக்குத்தான் அவர் சரிம்மா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்குதும்மா என்று சொல்லப் போனை வாயருகில் கொண்டுபோனபோது யாரோ தோளைத் தட்டினார்கள். வாரியத்தின் அமைதிக் காவலர். வாயில் விசில்.

இயர்போனைக் கழற்றியதும் காவலர் விசிலை எடுத்துவிட்டுக் கேட்டார். "எத்தனை தடவ ஊதறது? கேக்கல?"

"இல்லைங்க."

"அறிவிப்பு?"

"அதுவும் கேக்கல."

காவலர் பெட்டியில் இருந்த அத்தனை பேரையும் பார்த்து, "ஒத்துக்கிட்டார்" என்றார். "வாரியம் இவ்வளவு கஷ்டப்பட்டு அமைதியா இருங்கன்னு சொல்லுது. அது காதுல விழாம நீங்க பாட்டுக்கு அமைதியா இருந்தா என்ன அர்த்தம்?"

"எனக்குக் கொஞ்சம் அமைதி வேணும்னுதான்..."

"வேணும்னா வாரியத்துகிட்ட வந்து கேக்கணும். நீங்களா எடுத்துக்கக் கூடாது." இயர்போனைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். தலைமையகத்தில் விண்ணப்பித்தால் வாரியமே சான்றளித்த இயர்போன் கிடைக்கும் என்றும், அதுவரை மற்றவர்களைப் போல அமைதியைக் காதாரக் கேட்டுக்கொண்டு வரும்படியும் சொல்லிவிட்டு, விசிலை ஊதிக்கொண்டே அடுத்த பெட்டிக்குப் போனார்.

மறுநாள் தராசுக்காரர் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுத் தலைமையகம் போனார். வாரியத்தின் காத்திருப்புக் கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். முறை வந்தவரை ஊழியர் கூப்பிடுவார், ஆனால் அமைதி கெடக் கூடாது என்பதால் ஓசையில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கூப்பிடுவார். யாரும் எழுந்து வராவிட்டால் முறை தவறியதாகக் கருதி மறுநாள் வரச் சொல்வார். அதையும் உதட்டால்தான் சொல்வார். செவ்வாய்க்கிழமை தராசுக்காரர் முறை தவறினார். புதன்கிழமை, அந்த ஊழியரின் உதடு அசையும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, கடைசியில் உள்ளே போய்விட்டார். கொட்டாவிக்கு எழுந்து நின்ற ஒரே விண்ணப்பதாரர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

உள்ளே செவி அளவை அலுவலர் என்ற அம்மாள், எஃகுக் குச்சி ஒன்றை அவருடைய இரண்டு காதிலும் மாறி மாறி விட்டுப் பார்த்தார்.

"இடது சின்னது, வலது பெரிசு. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா நடுத்தரம். உங்களுக்கு ரெண்டு பக்கமும் நடுத்தரம்."

"அம்மா, நடுத்தரம் இந்தப் பக்கம் நுழையாது, அந்தப் பக்கம் நிக்காது."

"சராசரியா பொருந்தும்."

"நான் தராசு வேலை பாக்கறவங்க. ஒரு தட்டு ஏறியும் ஒரு தட்டு இறங்கியும் இருந்தா, சராசரியா நேராத்தான் இருக்குன்னு நாங்க விட முடியாதுங்களே."

அந்த அம்மாள் குச்சியைத் துடைத்துக்கொண்டே கனிவாகச் சொன்னார். "தராசு வேற, பயணி வேற. தராசை நம்பி ஜனங்க காசு குடுக்கறாங்க, அதனால அது சரியா இருக்கணும். பயணி எங்களுக்கு ஏற்கெனவே காசு குடுத்தாச்சு."

தராசுக்காரர் குச்சி பட்ட இடது காதைத் தேய்த்துக்கொண்டார். கையில் இன்னும் வியாழக்கிழமை இருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை, இயர்போன் வழங்கும் விழா. வாரியத் தலைவர் ஒலிபெருக்கியில் பேசினார்.

"நான் பதவிக்கு வந்தப்போ ஓர் அறிவிப்புக்கும் அடுத்த அறிவிப்புக்கும் நடுவுல இடைவெளி இருந்துச்சு. அந்த இடைவெளியில ஜனங்க என்ன பண்ணினாங்க? பேசினாங்க! இன்னிக்கு அந்த இடைவெளியே இல்ல. இது சாதனை. சில பேர் கேக்கறாங்க, சத்தத்தை ஒரேயடியா ஒழிச்சுட்டா என்னன்னு. ஒழிச்சுட்டா வாரியத்தை நம்பி இருக்கிற குடும்பங்களெல்லாம் என்ன ஆகறது? அதை யாராவது யோசிச்சீங்களா? நான் யோசிச்சேன். தினமும் வர்ற வழியெல்லாம் யோசிக்கிறேன். அதுக்குன்னுதான் நான் ரயில்ல வர்றதில்ல. கார்ல, கண்ணாடியை ஏத்திட்டு வர்றேன். அமைதியைப் பத்தி யோசிக்க அமைதி வேணும் பாருங்க!"

அந்த இடத்தில் ஒலிபெருக்கி வீல் என்று அலறியது. கூட்டம் முழுக்க இரண்டு கையாலும் காதைப் பொத்தியது. அது தனக்குச் செலுத்தும் மரியாதை என்று எடுத்துக்கொண்ட தலைவர், பதிலுக்குத் தாமும் காதைப் பொத்திக் குனிந்து வணங்கிவிட்டு அமர்ந்தார்.

சான்றளித்த இயர்போனைத் தராசுக்காரரிடம் தந்தார்கள். அது வெளிச் சத்தம் எதையும் உள்ளே விடாது. வாரியத்தின் அறிவிப்பு மட்டும் நேரடியாக உள்ளேயே ஒலிக்கும். நடுத்தர முனை, அவர் பயந்தபடியே, ஒரு பக்கம் நுழையவில்லை, மறு பக்கம் நிற்கவில்லை. அதற்கும் ஏற்பாடு இருந்தது. தலையைச் சுற்றி ஒரு வார், தாடைக்குக் கீழே ஒரு கம்பி, கம்பியின் முனையில் ஈய முத்திரை. ஏறும் நிலையத்தில் காவலர் முத்திரை வைப்பார், இறங்கும் நிலையத்தில் வெட்டி எடுப்பார்.

"இதுல என் போனைச் சேக்கலாங்களா?" என்று கேட்டார் தராசுக்காரர்.

"தாராளமா. அறிவிப்பு இல்லாத நேரத்துல கேக்கலாம்" என்றார் அளவை அம்மாள்.

"எப்போ இல்லாம இருக்கும்?"

"அதை இப்போ ஆராய்ஞ்சுகிட்டு இருக்கோம்."

வெள்ளிக்கிழமை காலை காவலர் அவருக்கு முத்திரை வைத்தார். முறையாகத்தான் வைத்தார், கம்பியை இரண்டு சுற்று சுற்றி, ஈயத்தை நசுக்கி, அச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். அச்சு சுத்தமாக விழுந்திருப்பதை விரலால் தடவிப் பார்த்தபோது தராசுக்காரருக்குத் தொழில்காரர் என்ற முறையில் ஒரு திருப்திகூட வந்தது. இடது காது மட்டும் விண் விண் என்று வலித்தது. ரயில் கிளம்பியதும், "பயணியே, நீங்கள் இப்போது அமைதியை அனுபவித்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்றது இயர்போன்.

போனில் செய்தி எதுவும் வரவில்லை. பிஸ்கட் ஆலை நிலையத்தில் ரயில் நின்றபோது ஏன் என்று தெரிந்தது. எப்போதும் எதிர்த்திசை ரயிலில் வீட்டுக்குப் போகும் மனைவி, இந்த ரயிலில் ஏறி, கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. அவரையும் வாரையும் கம்பியையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" என்றது அவர் காதில்.

அவருக்குக் கேட்காததை நாம் கேட்கலாம், நமக்கு முத்திரை இல்லை. அவள் சொன்னாள்: "வேற ஊர் ஆலைக்கு மாத்தறாங்க. பகல் ஷிப்ட். நாளைக்கே வரணுமாம், சாயங்கால வண்டிக்குக் கிளம்பணும். அம்மாவைக் கூட்டிட்டு நான் போயிடலாம். ஆனா நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா போகல. இல்ல, நானும் வர்றேன்னு சொல்லுங்க, ஆலையில ஒரு மாசம் தவணை கேட்டுட்டு சேந்தே போலாம். எனக்கு ராத்திரியில உங்க ஞாபகமாவே இருக்குங்க. உங்களுக்கு அப்படி எதுவும் இல்லையா? எதுவானாலும் சொல்லுங்க. திட்டக்கூட செய்யுங்க. சரின்னு மட்டும் சொல்லாதீங்க."

தராசுக்காரர் அவளுடைய உதட்டையே பார்த்தார். வெள்ளிக்கிழமை விஷயம் இதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. கை தானாகத் தாடைக்குப் போய் ஈயத்தைப் பற்றியது. மெல்லிய கம்பி, ஒரு முறுக்கு முறுக்கினால் அறுந்துவிடும். ஆயிரக்கணக்கான தராசுகளுக்கு முத்திரை வைத்தவர் அவர். முத்திரையை உடைப்பவன் திருடன் என்று முதல் நாள் முதலாளி சொல்லித் தந்ததை இன்றுவரை மீறியதில்லை. இரண்டு பெட்டி தள்ளிக் காவலரின் தொப்பி தெரிந்தது. விரல் முத்திரையிலேயே நின்றது, உடைக்கவில்லை.

அவள் உதடு நின்றது. கடைசியாக அது சொன்னது "கேக்குதா?" என்பதாகத்தான் இருக்க வேண்டும். பதிலுக்காக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சரிம்மா" என்றார் தராசுக்காரர்.

அவள் பொத்தானை விட்டாள். அழவில்லை. கசங்கிய அவர் சட்டையை நீவிவிட்டாள். அடுத்த நிலையத்தில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல், எதிர்ப்பக்க நடைமேடைக்குப் படியேறினாள். ரயில் நகர்ந்த பிறகுதான் அவர் கம்பியை முறுக்கி அறுத்தார். அறுத்ததும் சக்கரச் சத்தமும் ஜனச் சத்தமும் கூரையின் சத்தமும் சேர்ந்து அவர்மேல் விழுந்தன. காவலர் விசில் ஊதிக்கொண்டே வந்தார். முத்திரையை உடைத்த குற்றத்துக்கு ஆயுள் முழுக்க அவர் எந்த இயர்போனும் மாட்டக் கூடாது என்று முடிவாயிற்று.

அன்று மாலை வீட்டு வாசலில் மச்சான் நின்றுகொண்டிருந்தான். வீட்டுச் சாவியையும் மோட்டார்சைக்கிள் சாவியையும் சேர்த்து அவர் கையில் வைத்தான்.

"அக்காவையும் அம்மாவையும் வண்டி ஏத்திட்டு வந்தேன் மாமா. வேற ஊர் ஆலைக்கு மாத்திட்டாங்களாம், பகல் ஷிப்ட்டாம். நீங்க சரின்னு சொல்லிட்டீங்களாமே. உங்க வண்டியையும் திருப்பிக் குடுத்துடச் சொல்லிச்சு அக்கா."

உள்ளே தையல் மெஷின் இல்லை. ஜன்னலோரம் அவருடைய கட்டில் பழையபடி கிடந்தது. நீலச் சட்டை கொடியில் தொங்கியது. வீட்டில் அப்படி ஓர் அமைதி. வாரியத் தலைவரே வந்து பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார். தராசுக்காரர் மனைவியை அழைத்தார். அவள் எடுக்கவில்லை. காலையில் அவள் அனுப்பிய செய்தி ஒன்று போனில் கேட்கப்படாமல் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, ஒலியை முழுக்கக் கூட்டி, அதைப் போட்டார்.

காலையில் அவரைவிட்டு இறங்கி வீடு திரும்பும்போது ரயிலில் இருந்தே பேசியிருக்கிறாள். "அமைதி காக்கவும், அமைதி காக்கவும்" என்று வீடே அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் எங்கேயோ அவள் குரல் இருந்தது. காதைப் போனோடு ஒட்டிக் கேட்டார், இடது காதை வைத்துப் பார்த்தார், வலது காதை வைத்துப் பார்த்தார். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

போனை வாயருகில் கொண்டுபோனார். சரிம்மா என்று வந்த வாயை மூடிக்கொண்டார். பிறகு, "எனக்குக் கேக்கலம்மா. காலையிலயும் கேக்கல. இத்தனை நாளா எதுவுமே கேக்கல. திரும்பச் சொல்லும்மா, நான் அங்கயே வந்து கேக்கறேன்" என்று பேசி அனுப்பினார்.

பதில் உடனே வந்தது. புது ஊருக்குப் போகும் ரயிலின் சக்கரச் சத்தமும், ஜனங்களின் கூச்சலும், அந்தத் தடத்து வாரியத்தின் அறிவிப்பும் முதலில் கேட்டன. முடிவில், போனை வாயோடு ஒட்டிவைத்து அவள் சொன்ன ஒரே சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"சரிங்க."